காட்டுக்குப் போகிறவரின் பை: எதை எடுப்பது, எதை விடுவது

பாலையும் வீரையும் பழுக்கும் கோடை மாதங்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களிலிருந்து பலர் காட்டுக்குப் போகிறார்கள். சிலர் தேனுக்கு, சிலர் பழத்துக்கு, சிலர் விறகுக்கு, இன்னும் சிலர் திரும்பி வராத மாட்டைத் தேடி. கூலி வேலை கிடைக்காத நாட்களில் ஒரு போத்தல் தேன் ஒரு வீட்டின் அரிசிச் செலவைத் தாங்கும். ஆகவே காட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது இலகு. அதைக் கேட்டு நடப்பதற்குப் பலருக்கு வசதி இல்லை.

முன்பு இந்த அறிவு தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் காட்டுக்குள் நடந்தே போய்ச் சேர்ந்தது. இடப்பெயர்வுகள் அந்தத் தொடர்ச்சியைப் பல குடும்பங்களில் அறுத்துவிட்டன. முகாமிலும் இடம்பெயர்ந்த ஊர்களிலும் வளர்ந்த ஒரு தலைமுறை, மூத்தவர் துணையில்லாமல் இன்று காட்டுக்குள் போகிறது. அதேவேளை, மூத்தவர்கள் அறிந்திருந்த காடும் இப்போதில்லை. அதற்குள் முன்னரங்கக் கோடுகள் ஓடின, முகாம்கள் இருந்தன, வெடிபொருட்கள் புதைக்கப்பட்டன. போருக்குப் பிறகு கட்டுத்துவக்குகளும் சுருக்குக் கம்பிகளும் பெருகியுள்ளன.

இக்கட்டுரை காட்டுக்குப் போகிறவர் எதை அணிய வேண்டும், எதைச் சுமக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை ஒழுங்காகத் தருகிறது. இதன் அடிப்படை ஒன்றுதான்: பை கட்டுவது காட்டுக்குப் போவதற்காக அல்ல, காட்டிலிருந்து வீடு திரும்புவதற்காக.

பைக்கு முன்னர் பாதை

முதலில் தெரிவு செய்ய வேண்டியது பொருளை அல்ல, இடத்தை. கண்ணிவெடி அகற்றும் பணி குடியிருப்பு, வீதி, பாடசாலை, வயல் என்ற ஒழுங்கில்தான் நடந்தது. மக்கள் மீளக் குடியேற வேண்டிய இடங்களுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டதால் காட்டுப் பகுதிகள் பின்னுக்குப் போயின. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி வெடி அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். ஹலோ டிரஸ்ட், மக் ஆகிய சர்வதேச நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும் இப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளன.

போக நினைக்கும் இடம் துப்புரவு செய்யப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமும், அப்பகுதியில் வேலை செய்யும் வெடி அகற்றும் பணியாளரிடமும் கேட்டறியுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையையோ சிவப்பு நிறம் பூசிய கட்டைகளையோ கண்டால் அதற்கு அப்பால் ஓரடி கூட வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் கொள்ளக்கூடாது. பலகைகள் விழுந்திருக்கலாம், விறகுக்கு எடுக்கப்பட்டிருக்கலாம்.

பலகை இல்லாத இடத்திலும் நிலம் சில அடையாளங்களைச் சொல்லும். பழைய மண் அணை, இடிந்த காவலரண், பதுங்குகுழி, துருப்பிடித்த முட்கம்பிச் சுருள், தறித்து அடுக்கிய பனங்குற்றிகள், வெற்றுத் தோட்டாக் கோதுகள் ஆகியவை ஒரு காலத்தில் அங்கே முன்னரங்கமோ முகாமோ இருந்ததைக் காட்டும். அணையின் முன்புறந்தான் பெரும்பாலும் வெடி புதைக்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் மிதிவெடிகளும், மரப்பெட்டியில் செய்த ஜொனி வெடிகளும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மழை வெள்ளம் அவற்றை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லவும் கூடும்.

தெரிந்த பாதை, தெரிந்த ஆள், பகல் வெளிச்சம் ஆகிய மூன்றும் இல்லையென்றால் மற்ற எந்தப் பொருளையும் பையில் வைத்துப் பயனில்லை.

உடுப்பும் காலணியும்

முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடும் தடித்த காற்சட்டை, தொப்பி அல்லது தலைத்துண்டு. பெண்கள் பாவாடைக்கு உள்ளே நீளக் காற்சட்டை அணிந்தால் முள்ளும் உண்ணியும் குறையும். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக் கட்டுங்கள்.

இராணுவ உடையை ஒத்த பச்சைப் புள்ளித் துணியைத் தவிர்க்க வேண்டும். வெளிநாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் அணிவது போன்ற உடுப்பு இங்கே வீண் சந்தேகத்தைத் தரும். கூட்டமாகப் போகும்போது ஒருவரையொருவர் மறைக்கும் நிறத்தை விட, தூரத்திலிருந்தே தெரியும் நிறம் நல்லது. களவாக வேட்டைக்கு வந்தவர் அசைவைக் கண்டு சுடும் ஆபத்தும் உண்டு. ஆனால் தேன் எடுக்கும் ஆள் மட்டும் வெளிர் நிறம் உடுப்பது நன்று. கடும் நிறம் தேனீயைச் சினமூட்டும்.

காலுக்குச் செருப்புப் போதாது. கணுக்காலை மூடும் சப்பாத்து முள்ளிலிருந்தும் பல பாம்புக் கடிகளிலிருந்தும் காக்கும். ஆனால் எந்தச் சப்பாத்தும் மிதிவெடியைத் தடுக்காது. நல்ல சப்பாத்துப் போட்டவர் தெரியாத நிலத்தில் துணிந்து மிதிப்பது மிகப் பெரிய ஆபத்து.

செயற்கைக் கால் அணிந்தவர்கள்

போரில் காலை இழந்த பலர் இன்றும் காட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் புறப்படுமுன் வார், திருகாணி, பாதம் ஆகியவற்றில் வெடிப்போ தளர்வோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். வியர்வையில் நனைந்த உறை தோலை உரித்துவிடும். ஆகவே காய்ந்த உறைகள் இரண்டையாவது பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மத்தியானம் ஒரு தடவை காலைக் கழற்றி, தோலைத் துடைத்து, உறையை மாற்றிய பிறகு நடப்பது நல்லது. சிவந்தோ கொப்புளித்தோ இருந்தால் அன்றைக்குத் திரும்புவதே சரி. புண் ஆறும்வரை வாரக்கணக்கில் காலைப் போட முடியாமற் போகும். பழுதான காலை யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் காட்டிச் சரிசெய்யலாம். அவர்களுடைய சுமையைக் கூட வருகிறவர்கள் பகிர்ந்து கொள்ள வேண்டும்.

தண்ணீரும் சாப்பாடும்

கோடை வெயிலில் நாள் முழுவதும் நடக்கிற ஒருவருக்கு ஆகக் குறைந்தது 4 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஒரே பெரிய கானில் எடுக்காமல் மூன்று நான்கு போத்தல்களில் எடுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். பாதித் தண்ணீர் முடிந்ததும் திரும்பத் தொடங்குவதை ஒரு விதியாக வைத்துக் கொள்ளலாம். காட்டுக்குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. மிருகங்கள் இறங்கும் தண்ணீர் எலிக்காய்ச்சலையும் தரலாம், வயிற்றோட்டத்தையும் தரலாம்.

ஜீவனிப் பைக்கற் இரண்டு மூன்று பையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போதல் ஆகியவை உடலில் நீர் குறைந்ததன் அடையாளம்.

சாப்பாட்டுக்குக் கெடாத, சமைக்கத் தேவையில்லாத பொருட்களே நல்லவை. நம் ஆட்கள் வழிப்பயணத்துக்கென்று செய்துவந்தவை இதற்கு மிகப் பொருத்தமானவை: புழுக்கொடியல், பனங்கட்டி, பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, அவல். கட்டுச்சோறு கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் அரிசியையும் உப்பையும் இறுக மூடி வையுங்கள். அவற்றின் வாசனைக்கு யானை வரும்.

கருவிகள்

காட்டுக்கத்தி ஒன்று, சிறு கத்தி ஒன்று, குழுவுக்கு ஒரு கோடாலி. அலகுகளைச் சாக்கில் அல்லது பழைய ரயர்த் துண்டில் சுற்றிக் கட்டுங்கள். விழும்போது சொந்தக் கத்தியே வெட்டுவது அடிக்கடி நடக்கிறது. 15 மீற்றர் கயிறு, நெருப்புப்பெட்டி அல்லது லைற்றர், ரோச் லைற், விசில். நெருப்புப்பெட்டியை மூடியுள்ள சிறு போத்தலில் போட்டால் நனையாது. தலையில் கட்டும் ரோச் இருந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

தோளுயரத் தடி ஒன்று எல்லோருக்கும் வேண்டும். பற்றையைத் தட்டிப் பாம்பை விலக்கவும், ஏற்ற இறக்கத்தில் ஊன்றவும் அது உதவும். நிலத்தைக் குத்தி வெடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அல்ல. அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

தேன் எடுப்பவர்கள் மூடியுள்ள வாளி, முகத்தை மூட நுளம்பு வலைத் துண்டு, புகைக்கான பச்சை இலைக் கட்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஒரு லீற்றர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ வரும். 10 லீற்றர் எடுத்தால் 14 கிலோ. போகும்போது தோளில் இருக்கும் சுமையை இந்தக் கணக்கோடு சேர்த்து நினையுங்கள். திரும்பும் வழியில்தான் உடல் களைத்திருக்கும், வெளிச்சம் குறையும், கால் தடுமாறும். புகைப் பந்தத்தை அணைத்து, தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே இடத்தை விட வேண்டும்.

நெருப்பு மூட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். பழைய பதுங்குகுழிக்குள்ளோ அணையோரத்திலோ மூட்டக்கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் எறிகணையும் கைக்குண்டும் சூட்டில் வெடிக்கும்.

முதலுதவிப் பொதி

சுத்தமான பருத்தித் துணி நீள்துண்டுகள் ஐந்தாறு, அகலமான கட்டுத்துணி இரண்டு, ஒட்டுப்பட்டி, கிருமிநீக்கி, பரசிற்றமோல், கத்தரிக்கோல். நாளாந்தம் மருந்து குடிக்கிறவர் இரண்டு நாளுக்குரியதைக் கூடுதலாக எடுக்க வேண்டும். இப்பொதி பையின் மேலே இருக்க வேண்டும்.

ஒரே துணி இரண்டு காயத்துக்கு இரண்டு விதமாகப் பயன்படும். இந்த வித்தியாசம் தெரியாமல் உயிர் போகலாம்.

வெடியாலோ கட்டுத்துவக்காலோ கத்தியாலோ இரத்தம் பாய்ந்தால்: துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழுப் பலத்தோடு விடாமல் அமத்துங்கள். கையிலோ காலிலோ இரத்தம் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலத் துணியால் கட்டி, தடியொன்றைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, வைத்தியசாலை வரை அவிழ்க்காதீர்கள்.

பாம்பு கடித்தால்: இறுக்கிக் கட்டக்கூடாது. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கல் வைத்துக் காலம் போக்கக்கூடாது. மோதிரம், காப்பு, இறுக்கமான காலுறை ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலைத் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வைத்து, ஆளைச் சுமந்து வெளியே கொண்டு வாருங்கள். நம்மூரில் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமற் போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும். விஷமுறிவு மருந்து அரச வைத்தியசாலைகளில் இருக்கிறது. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

தேனீ கூட்டமாகக் கொட்டினால் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விலகி, கொடுக்குகளை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகமும் உதடும் வீங்கினாலோ அது அவசர நிலை. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டியை அழைக்கலாம். வண்டி காட்டுக்குள் வராது. ஆகவே எந்த வீதிச் சந்திக்கு ஆளைக் கொண்டுவருவது என்பதைப் போகுமுன்னரே பேசி வைத்திருக்க வேண்டும்.

யானை, கரடி, கட்டுத்துவக்கு

பாலைப்பழக் காலம் கரடியின் காலமும்தான். பழத்துக்கு மரமேறும் கரடி, கீழே ஆள் வருவதைக் கடைசி நேரத்தில்தான் உணரும். திடுக்கிட்ட கரடி முகத்தையும் தலையையும் தாக்கும். ஆகவே பேசிக்கொண்டு நடப்பது நல்லது. விழுத்திவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தையும் முகத்தையும் கைகளால் மூடுங்கள். புதிய யானை இலத்தியும் முறிந்த பச்சைக் கொப்பும் கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

கட்டுத்துவக்கு மிருகத் தடத்தின் ஓரத்தில், பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் கட்டப்படும். குறுக்கே ஓடும் தங்கூசியையோ மெல்லிய கம்பியையோ கால் தட்டினால் வெடிக்கும். ஆகவே மிருகத் தடத்தை விட்டு, ஆட்கள் போய்வரும் அகன்ற பாதையில் நடக்க வேண்டும். இருட்டிய பிறகு நடக்கவே கூடாது. குறுக்கே கம்பியோ தங்கூசியோ கண்டால் வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அது கட்டுத்துவக்கா, பழைய பொறிவெடியா, வயலோரத்து மின்கம்பியா என்று பார்த்தறியும் இடம் அதுவல்ல. பூசணி, பழம் ஆகியவற்றுக்குள் வெடி மறைத்துப் பன்றிக்கு வைப்பதும் நடக்கிறது. காட்டில் தனியாகக் கிடக்கும் தோட்டத்துக் காயைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள்.

பையில் இருக்கக்கூடாதவை

முதலாவது, துவக்கும் பொறியும். இடியன் துவக்கை அனுமதியின்றி வைத்திருப்பதும், வனவிலங்கை வேட்டையாடுவதும் குற்றம். 19 ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர் நுவரெலியாப் பக்கம் நாய்க் கூட்டத்தோடு ‘எல்க்’ வேட்டையாடியதாக எழுதிவைத்தார்கள். அது வடநாட்டு எல்க் மான் அல்ல, நம்முடைய மரைதான். அன்று அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இன்று 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரையைப் பாதுகாக்கிறது. மரை வற்றல் வாங்குவதும் விற்பதுங்கூட வழக்கில் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, அனுமதியில்லாத மரவேலை. ஒதுக்கக் காட்டுக்குள் புகுவதும், தீ மூட்டுவதும், முதிரை, கருங்காலி போன்ற மரங்களைத் தறிப்பதும் தண்டனைக்குரியவை. எல்லைக் கற்கள் எங்கே நடப்பட்டுள்ளன என்பது பல ஊர்களில் தகராறாக உள்ளது. ஆகவே தேனுக்கோ விறகுக்கோ போகுமுன், அந்த இடம் வனவளத் திணைக்களத்தின் கீழா, வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழா, அனுமதி தேவையா என்பதைக் கேட்டுக் கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வையுங்கள்.

மூன்றாவது, இரும்பு. போகும்போது பையில் இல்லாத இரும்பு திரும்பும்போதும் இருக்கக்கூடாது. பழைய இரும்புக்கு விலை உண்டு என்பது உண்மை. எறிகணைக் கோது என்று நினைத்துத் தூக்கியது வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கண்டதைத் தொடாமல், இடத்தை மனதில் பதித்து, வெளியே வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

பை கட்டும் ஒழுங்கு

உரப்பையைத் தோளில் தொங்கவிடுவதை விட, இரண்டு தோளிலும் மாட்டும் பழைய பள்ளிக்கூடப் பை மேலானது. கைகள் சும்மா இருக்க வேண்டும். உள்ளே தடித்த பொலித்தீன் பையை விரித்து, அடியில் மாற்றுடுப்பும் கயிறும், முதுகோடு ஒட்டித் தண்ணீர்ப் போத்தல்களும், நடுவில் சாப்பாடும், மேலே முதலுதவிப் பொதியும் ரோச்சும் வையுங்கள். விசிலும் தொலைபேசியும் நெருப்புப்பெட்டியும் பைக்குள் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். பையைத் தவறவிட்டாலும் அவை மிஞ்சும்.

தொலைபேசியை முழுதாக மின்னேற்றி, சிக்னல் இல்லாத இடத்தில் அணைத்து வையுங்கள். இரவு தங்குபவர்கள் நிலத்தில் நேரே படுக்கக்கூடாது. கட்டுவிரியன் பெரும்பாலும் தூக்கத்தில் கிடப்பவரையே கடிக்கிறது. பாயின் அடியில் நாலு பக்கமும் செருகிய நுளம்பு வலை அதற்கும் காவல், நுளம்புக்கும் காவல்.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியது

யார் யார் போகிறார்கள், எந்தக் காடு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது, வராவிட்டால் யாருக்குச் சொல்வது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் என்றால், ஒருவருக்கு ஏதும் நடந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், ஒருவர் உதவி தேடி வரலாம்.

தெரியாமல் வெடியுள்ள நிலத்துக்குள் வந்துவிட்டதாகச் சந்தேகித்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். மற்றவர்களையும் நிற்கச் சொல்லிக் கத்துங்கள். தொலைபேசியிலோ விசிலிலோ உதவி கேளுங்கள். வந்த அடிச்சுவடு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதன்மேலேயே அடி வைத்துத் திரும்பலாம். தெரியாவிட்டால் உதவி வரும்வரை அசையாதீர்கள். முன்னால் போனவர் வெடியில் அகப்பட்டாலும் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது. சொல்வதற்கு இலகுவான, செய்வதற்கு மிகக் கடினமான விதி இது. ஆனால் ஓடிப்போனவரும் விழுந்தால் காப்பாற்ற யாரும் மிஞ்சமாட்டார்கள்.

வீடு வந்ததும் உடுப்பைக் களைந்து, உண்ணி கடித்திருக்கிறதா என்று உடம்பு முழுவதும் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், குறிப்பாகத் தோலில் கருகிய பொருக்குப் போன்ற புண் இருந்தால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் நேரத்தோடு கண்டால் மருந்தில் மாறக்கூடியவை.

பிறகு எழுதி வைத்த தாளை எடுத்து, அன்றைக்குக் கண்ட பழைய அணை, கம்பி, வெடிபொருள் எங்கே இருந்தது என்று அதன் பின்பக்கம் குறித்துக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். அடுத்த கிழமை அதே பாதையில் வேறொரு வீட்டுப் பிள்ளை போகக்கூடும்.